உங்களுக்குத் தெரியுமா? எல்லைக் கல்லைத் தாண்டினால் வரி குறைவு!

பெருநகரத்தில் வரி ஏறினால் கடையும் கிடங்கும் பட்டறையும் சும்மா இருப்பதில்லை. ஊர் எல்லை எங்கே முடிகிறது என்று பார்த்து, அதற்கு அந்தப்பக்கம் போய் ஷெட் போட்டுவிடுகின்றன. மும்பையில் நடந்தது, பாரிசில் நடந்தது, ஓசூரில் நடந்தது. நம் நாமக்கல் மாவட்டத்து மோகனூரைச் சுற்றியும் சில ஆண்டுகளாக அந்தப் பேச்சுதான். லாரியை நம்பிப் பிழைக்கும் மாவட்டம் என்பதால், இதில் பலவற்றை நம்மவர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள்.

● நாமக்கல்லில் வயதான லாரி டிரைவர் யாரிடமாவது ‘நாக்கா’ என்று சொல்லிப் பாருங்கள். முலுண்ட், தஹிசர், ஐரோலி, வாஷி என்று பெயர்கள் வரிசையாக வரும். மும்பை மாநகராட்சி, தன் எல்லைக்குள் வரும் சரக்குக்கு ‘ஆக்ட்ராய்’ என்ற நுழைவு வரியை வசூலித்த சாவடிகள் இவை. பில்லைப் பார்த்து, சரக்கின் வகையையும் மதிப்பையும் பார்த்து வரி போடுவார்கள். சந்தேகம் வந்தால் தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்வார்கள். ரசீது கைக்கு வரும்வரை வண்டி நகராது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவர்கள், போய்ச் சேர வேண்டிய இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வண்டி ஓரத்தில் அடுப்பு மூட்டிச் சோறாக்கிக் காத்துக் கிடந்த இடங்கள் அவை.

● அந்த வரிசைக்குப் பயந்து வளர்ந்த ஊர்தான் பிவண்டி.

மும்பைக்கு வடகிழக்கே, தானே மாவட்டத்தில், நாசிக் போகும் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. விசைத்தறிக்குப் பெயர்பெற்ற நகரம். ஆனால் கிடங்குகள் முளைத்தது நகரத்துக்குள் அல்ல. அதைச் சுற்றியிருக்கும் மான்கோலி, தாபோடே, வள், பூர்ணா, ரஹனால் போன்ற கிராம ஊராட்சிகளில். காரணம் எளிது. சரக்கை மும்பைக்குள் கொண்டுபோய் வைத்தால் மொத்தத்துக்கும் ஆக்ட்ராய் கட்ட வேண்டும். அதில் பாதியைப் பிறகு புனேவுக்கோ சூரத்துக்கோ அனுப்பினால், கட்டிய வரியைத் திரும்பப் பெற அலைய வேண்டும். ஊராட்சியில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மும்பைக் கடைக்கு இன்று எத்தனை பெட்டி வேண்டுமோ, அத்தனைக்கு மட்டும் வரி கட்டி அனுப்பினால் போதும். நிலம் மலிவு, ஊராட்சி வரியும் குறைவு.

நெல் வயல்களில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. பல கட்டடங்களுக்கு முறையான அனுமதியே இல்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் வரை வழக்கு போனது. இரவும் பகலும் லாரி ஓடிச் சாலைகள் நொறுங்கின. கிடங்குகளில் அடிக்கடி தீப்பிடிக்கிறது. ஊராட்சியிடம் தீயணைப்பு வண்டி ஏது? பக்கத்து மாநகராட்சிகளிலிருந்துதான் வர வேண்டும். வரி கட்டாமல் தாண்டி வந்த நகரத்தைத்தான் ஆபத்துக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் எனக்கு நியாயம் உறுத்துகிறது. வியாபாரி நகரத்து வாடிக்கையாளரை விட்டுப் போகவில்லை. நகரத்துத் துறைமுகத்தையும் விட்டுப் போகவில்லை. அவற்றுக்கான செலவில் தன் பங்கை மட்டும் விட்டுப் போயிருக்கிறார். அவரை வரவேற்ற கிராமத்துக்கும் அந்தப் பங்கு போய்ச் சேரவில்லை.

● 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தது, மும்பை ஆக்ட்ராய் போனது. ஆண்டுக்குச் சுமார் 7,000 கோடி ரூபாய் தந்த வரி அது. ஈடுகட்ட மகாராஷ்டிர அரசு தனிச் சட்டம் போட்டு, முதல் தவணையாக அதே மாதம் 647 கோடி ரூபாய் கொடுத்தது. வரிதான் போய்விட்டதே, கிடங்குகள் மும்பைக்குத் திரும்பினவா? ஒன்றும் திரும்பவில்லை. இணைய வணிக நிறுவனங்கள் இன்னும் பெரிய கிடங்குகளை பிவண்டியில்தான் கட்டின. ஒரு வரி ஒரு தலைமுறைக்கு நீடித்தால், அது போன பிறகும் அது வரைந்த வரைபடம் அப்படியே நிற்கும்.

● பாரிஸ் நகரத்துக்கு 1780-களில் ஒரு மதில் கட்டினார்கள். எதிரிப் படையைத் தடுக்க அல்ல; வரி வசூலிக்க. அரசனிடம் வரிக் குத்தகை எடுத்திருந்த கூட்டமைப்பு கட்டிய மதில் அது. உள்ளே வரும் ஒயினுக்கும் இறைச்சிக்கும் விறகுக்கும் வாயிலிலேயே வரி. உடனே மதிலுக்கு வெளியே, பெல்வில் போன்ற கிராமங்களில் வரியில்லாத ஒயின் விற்கும் கடைகள் வரிசையாகத் தோன்றின. வார விடுமுறையில் தொழிலாளிகள் குடும்பத்தோடு மதிலைத் தாண்டிப் போய்க் குடித்து, ஆடிவிட்டு வந்தார்கள். 1789 ஜூலையில் பாஸ்டில் சிறையைத் தகர்ப்பதற்கு முன்பே மக்கள் இந்த மதிலின் வாயில்களில் பலவற்றைக் கொளுத்திவிட்டார்கள்.

அதோடு முடியவில்லை. 1860-இல் பாரிஸ் தன் எல்லையை விரித்து, அந்தக் கிராமங்களையே விழுங்கிக்கொண்டது. வரி எல்லையும் கூடவே வந்தது. கடைகள் மறுபடி மூட்டை கட்டின. இந்தமுறை மார்ன் ஆற்றங்கரைக்கு. நாமக்கல்லைப் பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

● ஜி.எஸ்.டி.க்கு முன்னால், சோப்புக் கம்பெனி முதல் டயர் கம்பெனி வரை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு டிப்போ வைத்திருந்தது ஏன்? 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டம்தான் காரணம். மாநிலம் தாண்டி விற்றால் அந்த வரி; தன் சொந்த டிப்போவுக்கு அனுப்பினால் அது விற்பனையே இல்லை, வரியும் இல்லை. 4 சதவீதமாக இருந்தது 2008-இல் 2 சதவீதமாகக் குறைந்தபோதும் டிப்போக்கள் மூடப்படவில்லை. லாரிகள் பாதி நிறைந்தும் நிறையாமலும் ஊர் ஊராக ஓடின. ஜி.எஸ்.டி. வந்ததும் சிறு டிப்போக்கள் பல மூடப்பட்டு, பெரிய கிடங்குகளாகச் சேர்ந்தன.

● ஓசூர் ஒருகாலத்தில், நாமக்கல்லைப் போலவே, சேலம் மாவட்டம். 1965-இல் தருமபுரி தனி மாவட்டமானபோது அதோடு போனது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது. சென்னையிலிருந்து 300 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். இந்த இரண்டு எண்களையும் வைத்துத்தான் தமிழ்நாடு அரசு 1970-களில் கணக்குப் போட்டது.

பெங்களூரில் பொறியாளர்களும் இருந்தார்கள், நல்ல பள்ளிகளும் இருந்தன. பின்தங்கிய மாவட்டம் என்ற பெயர் தருமபுரிக்கு இருந்தது. அதனால் முதலீட்டு மானியம் கிடைத்தது, விற்பனை வரியிலும் சலுகை கிடைத்தது. மாநில அரசின் சிப்காட் நிறுவனம் நிலத்தை ஒதுக்கிக் கொடுத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் வந்தது. அதே காலத்தில் டி.வி.எஸ். மொபெட் ஓடத் தொடங்கியது. 1984-இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரமும் அங்கிருந்துதான் வந்தது. வீடு பெங்களூரில், வேலை ஓசூரில் என்று ஆயிரக்கணக்கானோர் தினமும் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்தார்கள்.

நாமக்கல்லுக்கும் இதில் பங்கு உண்டு. ஓசூரில் வெளிவரும் சேசிஸுக்கு இங்கேதான் பாடி கட்டுகிறோம். கேபின் இல்லாத வெறும் சேசிஸில், தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, வெயிலுக்கும் புழுதிக்கும் முகத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கி வரும் டிரைவர்களைப் பார்க்காதவர் நம் நெடுஞ்சாலையில் யார்? எங்கோ போட்ட ஒரு வரிச் சலுகை, சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி ஒரு தச்சருக்கும் வெல்டருக்கும் பெயிண்டருக்கும் சோறு போட்டது. சலுகையால் விளைந்த நன்மை என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். ஓசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது.

● சலுகைக்கு வந்தவர்கள் அடுத்த சலுகைக்குப் போகவும் செய்வார்கள். 1990-களில் புதுச்சேரி இதில் முன்னால் நின்றது. புதிய ஆலைக்கு முதல் 5 ஆண்டு முழு வருமான வரி விலக்கு, மேலும் சில ஆண்டுகள் பகுதி விலக்கு. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் கணினி பூட்டும் ஆலைகள்கூட வந்தன. ஒரு காலத்தில் அலுவலகங்களில் இருந்த எச்.சி.எல்., விப்ரோ கணினிகளில் பல புதுச்சேரியில் பூட்டப்பட்டவை.

2003-இல் மத்திய அரசு உத்தராகண்டுக்கும் இமாச்சலப் பிரதேசத்துக்கும் 10 ஆண்டு கலால் வரி விலக்கு அறிவித்தது. கணினிக்காரர்கள் வடக்கே ருத்ரபூர் பக்கம் போனார்கள். ஓசூரில் வேர்விட்ட டி.வி.எஸ். இமாச்சலத்தின் நாலாகட்டில் ஆலை திறந்தது. அசோக் லேலண்ட் 2010-இல் பந்த்நகரில் திறந்தது. கடலோரத்திலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஒரு தொழிலை இழுத்துப் போகும் வலு வரிக்கு உண்டு. ஆனால் கெடு முடிந்த மறுநாள் அந்த ஊரில் வேலை பார்த்தவர் கதி என்ன என்று சலுகை ஆணையில் ஒரு வரிகூட எழுதியிருப்பதில்லை.

● நாமக்கல் பாடி பட்டறைகளில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். டி.என். 28, டி.என். 88 நம்முடையவை. டி.என். 34 திருச்செங்கோடு. நடுவே என்.எல். 01 என்று கண்ணில் படும். அது நாகாலாந்தின் கோஹிமா. அங்கே இத்தனை லாரி ஓட என்ன சரக்கு இருக்கிறது என்று யோசிக்க வேண்டாம். வண்டி ஓடுவது தெற்கிலும் மேற்கிலும். பதிவு மட்டும் அங்கே.

இது சாத்தியமானது தேசிய பெர்மிட் முறையால். 2010-இல் வந்த மாற்றத்தின்படி, சரக்கு லாரிக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் கட்டினால் நாடு முழுக்க ஓட்டலாம். பிறகு அது 16,500 ஆனது. அதற்கு மேல் சொந்த மாநிலத்தின் சாலை வரி தனி. அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. ஆகவே ‘சொந்த மாநிலம்’ எது என்பதையே சிலர் வரியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டடத்தை நகர்த்த முடியாதவர்தான் புறநகருக்குப் போக வேண்டும். சக்கரம் உள்ளவருக்கு ஒரு முகவரி போதும்.

சட்டம் வேறு சொல்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, உரிமையாளர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்தில், வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு லாரியை வங்கிக் கடனில் வாங்கி, டி.என். 28-இல் பதிந்து, காலாண்டு வரியைத் தவறாமல் கட்டுகிற சிறு உரிமையாளர் எத்தனையோ பேர். வாடகை பேசும்போது அவர்கள் போட்டி போட வேண்டியது வரி குறைந்த வண்டியோடு. இது பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

● ஆம்னி பஸ்களில் இதே கதை 2024-இல் வெடித்தது. நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம், புதுச்சேரி எனப் பிற மாநிலப் பதிவோடு தமிழ்நாட்டுக்குள் ஓடிய 547 பஸ்களைத் தமிழ்நாடு அரசு ஜூன் மாதம் தடுத்தது. அகில இந்திய சுற்றுலா அனுமதியை வைத்துக்கொண்டு வழக்கமான பயணிகள் பஸ் போல ஓட்டுகிறார்கள், மாநிலத்துக்கு வர வேண்டிய வரி வரவில்லை என்பது அரசின் வாதம். நடுவழியில் இறக்கிவிடப்படுவோமோ என்று தவித்தவர்கள் டிக்கெட் வாங்கிய பயணிகள்.

● நீண்டகாலமாகக் கர்நாடகத்தில் டீசல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. வடக்கே போய்த் திரும்பும் லாரிகள் எல்லை தாண்டுவதற்கு முன் அத்திப்பள்ளி பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது அதனால்தான். எல்லைக்கு இந்தப்பக்கம் பங்க் நடத்துபவர்களுக்கு அது தீராத வருத்தம்.

● முதலாம் குலோத்துங்க சோழனுக்கு ‘சுங்கம் தவிர்த்தவன்’ என்ற பட்டம் உண்டு. 1070 முதல் சுமார் 50 ஆண்டு ஆண்டவன். போரில் வென்ற ஊர்களின் பெயரைப் பட்டமாகச் சூடிக்கொண்ட அரசர்கள் நடுவே, ஒரு வரியை நீக்கியதற்காக நினைக்கப்படுகிறவன்.

நேர் எதிரான சாட்சியும் கல்லில் இருக்கிறது. விஜயநகர ஆட்சியில், 1429-இல், காவிரிக் கரை ஊர்களில் வலங்கை, இடங்கைப் பிரிவினர் ஒன்றுகூடி, நியாயமான வரியை மட்டுமே கட்டுவோம் என்று முடிவு செய்து கோயில் சுவரில் வெட்டிவைத்தார்கள். கொறுக்கைக் கல்வெட்டு அவற்றில் ஒன்று. வரி தாளாமல் குடிகள் ஊரைவிட்டுப் போவதும், அவர்களைத் திரும்ப அழைக்க வரியைக் குறைப்பதும் அந்தக் காலத்திலேயே நடந்திருக்கிறது. தறிக்கு வரி குறைத்து நெசவாளரைக் கோயிலைச் சுற்றிக் குடியேற்றியிருக்கிறார்கள். இன்றைய தொழிற்பேட்டைச் சலுகைக்கு அது மூத்தது.

● அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் 1939-இல் சம்பளத்துக்கே நகர வரி போட்டது. நகர எல்லையில் ஓடும் சிட்டி அவென்யூ என்ற சாலையின் ஒருபக்கம் பிலடெல்பியா. எதிர்ப்பக்கம் வேறு ஊர். எதிர்ப்பக்கத்தில் அலுவலகங்கள் வரிசையாக எழும்பின.

● தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் நடுவே ஒரு பாலம்தான் தூரம். 2025 ஜனவரியில் இரு நாடுகளும் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் செய்தன. தகுதிபெறும் நிறுவனத்துக்கு மலேசியா 15 ஆண்டு வரை 5 சதவீத வரிதான் கேட்கிறது. சிங்கப்பூரில் 17 சதவீதம்.

● சென்னை மாநகராட்சி 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் உள்ளே வந்தன. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறச் சொத்து வரி ஏறியது. சென்னையின் பழைய பகுதியில் வணிகக் கட்டடத்துக்கு 150 சதவீத உயர்வு. பிற நகரங்களில் 100 சதவீதம். ஊராட்சிகள் அந்த ஆணையில் வரவில்லை. எல்லைக்கு வெளியே கிடங்குக்கு இடம் தேடுபவர் எண்ணிக்கை ஏன் கூடுகிறது என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

● நாமக்கல் 2024-இல் மாநகராட்சி ஆனது. சுற்றியிருந்த 12 ஊராட்சிகள் சேர்க்கப்பட்டன. அதைத் தொடர்ந்து, 2025 புத்தாண்டை ஒட்டி, மாநிலத்தின் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளை இணைக்கும் அறிவிப்பும் வந்தது. ஊர் ஊராக மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். கேட்டவை இரண்டே. நூறு நாள் வேலை போய்விடுமே? வீட்டு வரி ஏறுமே?

பாரிசின் 1860-ஐ இங்கே பொருத்திப் பாருங்கள். வரி குறைவு என்று எல்லைக்கு வெளியே பட்டறை வைத்தவர், எல்லை தன்னைத் தேடி வந்தால் இன்னும் 10 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடுவார். அவருக்கு அது லாபநட்டக் கணக்கு. அங்கேயே பிறந்து, அங்கேயே ஓட்டு வீட்டில் இருக்கும் விவசாயக் கூலிப் பெண் எங்கே போவார்? ஆலைக்காகப் போடப்பட்ட எல்லைக்கோட்டில் அகப்பட்டுக்கொள்பவர் அவர். நகரமாக்குவதற்கு முன்னால் குடிநீரும் சாக்கடையும் தெருவிளக்கும் வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். வரி நோட்டீஸ் மட்டும் முதலில் வரக்கூடாது.

● ஒரு பெரிய ஆலை ஊராட்சிக்குள் வந்தால், ஊராட்சிக்கு நேராக என்ன கிடைக்கும்?

ஜி.எஸ்.டி. கிடைக்காது. அது மத்திய, மாநில அரசுகளுக்குப் போவது. அதுவும் பொருள் செய்யப்பட்ட இடத்துக்கு அல்ல, நுகரப்படும் இடத்துக்கு. மோகனூர் பக்கம் ஓர் ஆலை செய்யும் பொருளைக் கேரளத்தில் விற்றால், மாநிலப் பங்கு கேரளத்துக்கு. வருமான வரி டெல்லிக்கு. பத்திரப் பதிவு மாநிலக் கருவூலத்துக்கு; அதன் மேல்வரியில் ஒரு பங்கு மட்டும் உள்ளாட்சிக்கு வரும்.

நேராகக் கைக்கு வருவது கட்டடத்தின் சொத்து வரியும் தொழில் வரியும்தான். தொழில் வரிக்கு அரசமைப்பிலேயே உச்சவரம்பு இருக்கிறது: ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-இல் 60-ஆவது திருத்தத்தில் வைத்த அந்த வரம்பு இத்தனை ஆண்டுகளில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இதற்கிடையில் 40 டன் லாரி தார்ச்சாலையைப் பெயர்த்துவிடும். ஆழ்துளைக் கிணறு இறங்கிக்கொண்டே போகும். குப்பை கூடும். வெளியூர்த் தொழிலாளர் வந்து தங்குவார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசை நீளும்.

ஊராட்சி எழுத்தர் மேசையில் இருக்கும் கேட்புப் பதிவேட்டை ஒருமுறை பார்த்தால் விளங்கும். ஓட்டு வீடு, மெத்தை வீடு, ஓட்டு வீடு என்று சில நூறு ரூபாய் வரிகள் பக்கம் பக்கமாக ஓடும். அவற்றின் நடுவே ஓர் ஆலையின் ஷெட்டும் ஒரே வரியில் அடங்கி நிற்கும். அதன் பரப்பளவை யார் எப்போது அளந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரி குறைவு என்று வருபவரை வரவேற்கலாம். சரியாக அளந்து, சரியான வரியைக் கேட்கும் தெம்பு அந்த ஊராட்சிக்கு இருக்க வேண்டும்.

● எல்லாத் தொழிலும் வரிக்காக இடம் தேடுவதில்லை. மோகனூரில் இருக்கும் ஆலையின் பெயர் ‘சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலை’. நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது. ஆலைக்குப் பெயர் வைத்தபோது இது சேலம் மாவட்டம். அந்த ஆலை சேலம் நகரத்தில் அமையாமல் காவிரிக் கரைக்கு வந்தது கரும்புக்காக. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் அரைக்காவிட்டால் சாற்றில் சர்க்கரை குறையத் தொடங்கிவிடும். டிராக்டரும் மாட்டு வண்டியும் போய்ச்சேரும் தூரத்தில் ஆலை இருந்தே ஆக வேண்டும். இப்படி மண்ணோடு கட்டுண்ட ஆலை சலுகை முடிந்தது என்று கிளம்பிப் போகாது. விவசாயியின் பங்குப் பணமும் அதில் இருக்கிறது.

● மோகனூர் வட்டாரத்தில் வளையப்பட்டி, என்.புதுப்பட்டி, அரூர், பரளி கிராமங்களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. விவசாயிகள் தொடர்ந்து எதிர்த்து வருகிறார்கள். ஏரியும் ஓடையும் கிணறும் கெடும், ஆடு மாடு மேய்க்க இடம் போகும் என்பது அவர்கள் கவலை.

தொழில் முனைவோர் பார்வையில் இந்த இடம் ஏன் கவர்கிறது என்பதும் புரிகிறது. 2013 மே மாதம் திறந்த சேலம் – கரூர் ரயில் பாதை மோகனூர் வழியாகப் போகிறது. பரிசலில் கடந்த காவிரியில், எதிர்க்கரையில் இருக்கும் வாங்கலுக்குப் பாலம் வந்துவிட்டது. கரூர் பக்கத்தில் வந்துவிட்டது. 18 கிலோமீட்டரில் நாமக்கல், அங்கே நெடுஞ்சாலை. 2021-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் கொள்கை மாவட்டங்களை மூன்று வகையாகப் பிரித்து, சென்னையைச் சுற்றியுள்ளவற்றை விடப் பிற மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகை தந்தது. நகர நெரிசலிலிருந்து தொழில் வெளியே வர வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. நம் பிள்ளைகள் வேலைக்காகத் திருப்பூருக்கும் ஓசூருக்கும் பஸ் ஏறாமல் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். எந்த வகை ஆலை வரும்? தண்ணீர் எங்கிருந்து? கழிவு எங்கே போகும்? பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் சாயக்கழிவு காவிரியை என்ன செய்தது என்று கீழே இருக்கும் நமக்குத் தெரியும். நிலம் கொடுப்பவருக்கு ஒரு முறை பணம். ஆலைக்குப் பல ஆண்டு சலுகை. ஊராட்சிக்கு என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் காட்டச் சொல்வது பேராசை ஆகாது.

● நாமக்கல் உட்பட 27 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 6 முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் எவரும் எழுந்து, எல்லைக்குள் இருக்கும் ஆலைகளும் கிடங்குகளும் எத்தனை, ஒவ்வொன்றின் சொத்து வரி எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேட்கலாம். வரவுசெலவுக் கணக்கைச் சபையின் முன் வைக்க வேண்டும். கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போடும் முன் வாசித்துப் பாருங்கள்.